முகமூடிக்கும் குழாய்க்கும் நடுவே

குழந்தை மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு தடவையும் "ம்ஹ்... ம்ஹ்..." என்று ஒரு சின்ன முனகல். வலியில் முனகுவது வேறு. அது விட்டுவிட்டு வரும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்சம் நிற்கும். இது நிற்காது, மூச்சோடு ஒட்டிக்கொண்டே வரும். குழந்தைகள் ஐசியுவில் வேலை பார்த்த நர்ஸ் யாராக இருந்தாலும், வார்டைக் கடந்து போகையில் இந்தச் சத்தம் காதில் விழுந்தால் அப்படியே நின்றுவிடுவார். நானும் அப்படித்தான். கையில் என்ன இருந்தாலும் வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.

அந்த முனகல் குழந்தை தனக்குத்தானே செய்துகொள்கிற வைத்தியம். நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கும் காற்றுச் சிற்றறைகளில் நீரும் சீழும் கோத்திருக்கும்போது, மூச்சு முழுதாக வெளியே போய்விட்டால் அந்த அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைத் திரும்ப விரிப்பது பெரும்பாடு. பலூன் ஊதும்போது முதல் ஊதல்தானே கஷ்டம்? பாதி ஊதிய பலூனை மேலும் ஊதுவது எளிது. அதனால் குழந்தை, தான் செய்வது தனக்கே தெரியாமல், குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை விடுகிறது. கொஞ்சம் காற்று உள்ளேயே தங்குகிறது, அறைகள் திறந்தபடி இருக்கின்றன. முகமூடி வழியாக இடைவிடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் சிபேப் மெஷின் செய்வதும் இதே வேலைதான். நாம் மெஷினைத் தள்ளிக்கொண்டு வரும் முன்பே குழந்தை தன் தொண்டையை வைத்து சிபேப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்கு ஆகும் உழைப்பு சாதாரணமானதல்ல. புற்றுநோய்க்கான கீமோவில் உடம்பு உருகிப்போய், வாய்ப்புண்ணால் சரியாகச் சாப்பிட்டு நாளான நாலு வயதுக் குழந்தை இப்படி எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கும்?

ஐசியு டாக்டர்களும் புற்றுநோய் டாக்டர்களும் கட்டில் ஓரத்தில் நின்று பேசும் பேச்சு சுற்றிச்சுற்றி இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்கும்.

புற்றுநோய் வந்த குழந்தைக்கு ஏன் மூச்சு திணறுகிறது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பெரும்பாலும் தொற்று. கீமோ முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். வேறு சமயமாக இருந்தால் மூக்கொழுகலோடு போயிருக்க வேண்டிய வைரஸ், அப்போது நெஞ்சுக்குள் இறங்கிவிடும். ஆர்எஸ்வி, இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ்கள், பாக்டீரியாக்கள், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இதில் ஒரு வினோதம் உண்டு. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதில் பெரும்பங்கு, கிருமியை எதிர்க்க வந்து குவிந்த வெள்ளணுக்களும் அவை கிளப்பிவிட்ட நீரும்தான். அணுக்களே இல்லாத குழந்தையின் எக்ஸ்ரே ஆரம்பத்தில் ஓரளவு சுத்தமாகவே இருக்கும், குழந்தையோ மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் "கவுன்ட் ஏற ஆரம்பிச்சிடுச்சு" என்று வீட்டார் முகம் தெளிகிற அதே நாளில் மூச்சு சட்டென்று மோசமாகலாம். புதிதாக வந்த அணுக்கள் நுரையீரலில் போய் அழற்சியைக் கிளப்பிவிடும். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் நாள் அது.

தொற்றே இல்லாமலும் மூச்சு கெடும். ரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,00,000ஐத் தாண்டிப் போகும்போது நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களிலேயே அடைத்துக்கொள்ளும். கட்டி உடைந்து கழிவுகள் ரத்தத்தில் கலக்கும் சமயத்தில் சிறுநீரகத்தைக் காப்பாற்ற லிட்டர் கணக்கில் திரவம் ஏற்றுவோம், அதில் ஒரு பங்கு நுரையீரலில் போய்த் தேங்கும். ரத்தம் ஏற்றிய சில மணி நேரத்தில் நுரையீரல் நீர் கோப்பதும் உண்டு. ப்ளியோமைசின் போன்ற கீமோ மருந்துகள் நுரையீரலைப் புண்ணாக்கும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட குழந்தைகளுக்கு, எந்தக் கிருமியும் பிடிபடாமலேயே நுரையீரல் முழுக்க அழற்சி வருவது தனிக் கதை. காரணத்தைத் தேடும் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும், மூச்சு அதுவரை காத்திருக்காது. ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் நீர் இறக்கும் மருந்தும் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆக்சிஜனையும் தொடங்கிவிடுவோம்.

"97 காட்டுதே சிஸ்டர், அப்புறம் ஏன் பயப்படுறீங்க?" இது பெற்றோர் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. விரலில் மாட்டும் அந்தச் சிவப்பு விளக்குக் கருவியின் அடிப்படையை 1974ல் ஜப்பானில் தாகுவோ அஓயாகி கண்டுபிடித்தார். அது வந்த பிறகு எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று கணக்கே போட முடியாது. ஆனால் புற்றுநோய்க் குழந்தையிடம் அது சொல்வது பாதிக் கதை. இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஹீமோகுளோபின் 7 இருக்கும் குழந்தையின் 97ம், 14 இருக்கும் குழந்தையின் 97ம் திரையில் ஒன்றுதான். உடம்புக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் முதல் குழந்தைக்குப் பாதிதான்.

நேர் எதிரான கூத்தும் நடக்கும். வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் ஏறியிருக்கும் குழந்தையிடம் தமனி ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினால் ஆக்சிஜன் படுமோசம் என்று ரிப்போர்ட் வரும். குழந்தையோ ஓரளவு நன்றாகவே இருக்கும். சிரிஞ்சுக்குள்ளேயே அந்த அணுக்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். சிரிஞ்சை ஐஸில் வைத்து ஓடிப்போய்க் கொடுத்தாலும் சில சமயம் ஏமாற்றும். அந்த ஒரு சந்தர்ப்பத்தில் விரல் கருவியைத்தான் நம்ப வேண்டும். இன்னொன்று: யூரிக் அமிலத்தைக் குறைக்க ராஸ்புரிகேஸ் போட்ட பிறகு எண் திடீரென்று 85 பக்கம் வந்து, ஆக்சிஜன் கொடுத்தும் அசையாமல் உட்கார்ந்துகொண்டால், நுரையீரலை விட்டுவிட்டு ரத்தத்தைப் பார்க்க வேண்டும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளில் அந்த மருந்து ஹீமோகுளோபினையே ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடும்.

அதனால் நான் புதிதாக வரும் நர்ஸ்களிடம் சொல்வது, எண்ணைப் பார்க்கும் முன் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுக்கிறதா, மூக்கு விடைக்கிறதா, மூச்சுக்கு மூச்சு தலை ஆடுகிறதா. கடிகாரத்தை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குகிற வேலை குழந்தைகளிடம் செல்லாது, அவர்கள் சீராக மூச்சு விடுவதில்லை. ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40ஐத் தொட்டால் வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. காய்ச்சல் இருந்தால் இன்னும் ஏறும், சரி. ஆனால் மூச்சு வேகமாக இருந்த குழந்தைக்குக் காரணமே இல்லாமல் மூச்சு குறைந்து, கண் சொருகி, "அமைதியாயிட்டான்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். களைத்துப்போன குழந்தை அப்படித்தான் இருக்கும்.

மூச்சுக்குத் துணை கொடுப்பதில் படிகள் உண்டு. மூக்கில் சின்னக் குழாய் வைத்துக் கொடுக்கும் சாதாரண ஆக்சிஜன் முதல் படி. அடுத்தது ஹை ஃப்ளோ: காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, உடம்புச் சூட்டுக்குச் சூடாக்கி, ஈரமேற்றி, வேகமாக மூக்கில் விடுவது. சின்னக் குழந்தைகளுக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 2 லிட்டர் வரை போவோம். சூடும் ஈரமும் சௌகரியத்துக்காக மட்டும் என்று நினைக்கக் கூடாது. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்த குழந்தையின் மூக்கில் வறண்ட காற்றை வேகமாக விட்டால் ரத்தம் கொட்டும், வாய்ப்புண் எரியும். அதற்கும் மேல், முகமூடி வழியாக இடைவிடாத அழுத்தம் கொடுக்கும் சிபேப், மூச்சை இழுக்கும்போது ஒரு அழுத்தம் விடும்போது ஒரு அழுத்தம் என்று இரண்டு கொடுக்கும் பைபேப். இவற்றுக்கும் மேல்தான் தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைப்பது.

முகமூடி மாட்டுவது எழுதிப் படித்து வரும் வேலை இல்லை. மூச்சு முட்டுகிற ஒருவர் முகத்தில் ஒரு பொருளை வைத்து அழுத்தினால் யாராக இருந்தாலும் பிடுங்கித்தான் எறிவார். ஒரு பையன், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயது, முகமூடியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். ஆக்சிஜன் 88ல் நின்றது. வார் எதையும் கட்டாமல் முகமூடியை அவன் கையில் கொடுத்தேன். அழுத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து வைத்திருந்தேன். உள்ளங்கையில் காற்று அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம், "அப்பாவுக்குப் போடு" என்றான். "அப்பா, கொஞ்சம் குனிங்க" என்று அவர் முகத்தில் ஒரு நொடி வைத்தேன். மனிதர் வாயைத் திறந்துவிட்டார், கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டன. பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் மூச்சு இல்லை, இருந்தாலும் சிரித்தான். முகமூடியைத் துடைத்து, அவனே மூக்கின் மேல் வைத்துக்கொள்ள, நான் பின்னால் இருந்து வாரை ஒவ்வொன்றாக மாட்டினேன். அழுத்தத்தை 5ல் தொடங்கி மெதுவாக ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் விலா உள்ளிழுப்பது குறைந்தது.

எல்லாரிடமும் இது பலிக்காது. சில குழந்தைகளுக்கு லேசான மயக்க மருந்து தேவைப்படும், அதுவும் கத்திமேல் நடப்பதுதான், கொஞ்சம் கூடினால் மூச்சே குறையும். மூக்குத்தண்டில் முகமூடி அழுத்தும் இடத்தில் சிலிகான் ஒட்டுத்துணி வைக்க வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு வடிவ முகமூடிக்கு மாற்ற வேண்டும். சாதாரணக் குழந்தைக்கு இரண்டு நாளில் ஆறும் சிவப்புத் தடம், அணுக்கள் இல்லாத குழந்தைக்குக் கிருமி நுழையும் வாசலாகிவிடும். விழுங்கிய காற்று வயிற்றை உப்பவைத்து, உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சைத் தடுக்கும், அதற்கு மூக்கு வழியே ஒரு மெல்லிய குழாய் போட்டுக் காற்றை எடுக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வருவது சிலருக்குப் பிடிக்காது. முகமூடி நல்லது, குழாய் கெட்டது என்ற எண்ணம் பெற்றோரிடம் மட்டும் இல்லை, நம்மிடமும் இருக்கிறது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1980களிலும் 90களிலும் மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு வென்டிலேட்டருக்குப் போன குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இறந்தார்கள் என்று அறிக்கைமேல் அறிக்கை வந்தது. குழாய் போடாமல் தப்பித்துவிட்டால் போதும் என்று எல்லாரும் நினைத்ததில் தப்பில்லை. 2001ல் பிரான்சில் ஹில்பெர்ட் குழுவினர், எதிர்ப்புசக்தி குறைந்த பெரியவர்கள் 52 பேரை வைத்துச் செய்த ஆய்வு அந்த நினைப்புக்கு உரம் போட்டது. முகமூடி வென்டிலேஷன் கிடைத்த 26 பேரில் 12 பேருக்குக் குழாய் தேவைப்பட்டது, கிடைக்காத 26 பேரில் 20 பேருக்கு. இறப்பும் குறைந்தது. ஆனால் 2015ல் 374 பேரை வைத்து பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்று வந்தபோது இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணோம். இடைப்பட்ட காலத்தில் மற்ற சிகிச்சைகள் எல்லாம் தேறிவிட்டன, சாதாரண ஆக்சிஜனோடு இருந்தவர்களே முன்பைவிட நன்றாகப் பிழைத்தார்கள்.

குழந்தைகளில் இப்படிப்பட்ட ஆய்வுகள் மிகக் குறைவு. பிரிட்டனில் எதிர்ப்புசக்தி குறைந்த குழந்தைகளுக்கு, மூச்சுத்திணறலின் ஆரம்பத்திலேயே ஐசியுவுக்குக் கொண்டுபோய் சிபேப் தொடங்கினால் பலன் உண்டா என்று பார்த்தார்கள். சின்ன ஆய்வுதான். எதிர்பார்த்த நன்மை தெரியவில்லை, கெடுதல் இருக்குமோ என்ற சந்தேகம்தான் மிஞ்சியது. இதை வைத்து சிபேப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முகமூடியை எவ்வளவு சீக்கிரம் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு மட்டும் அங்கே உதைக்கிறது.

குழந்தைகளின் கடும் நுரையீரல் பாதிப்புக்காக உலக அளவில் நிபுணர்கள் கூடி 2023ல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு விஷயம் என் மனதில் பதிந்துவிட்டது. முகமூடியோ ஹை ஃப்ளோவோ தொடங்கி முதல் 6 மணி நேரத்துக்குள் தெளிவான முன்னேற்றம் இல்லை என்றால், அல்லது மோசமாகிறது என்றால், அடுத்த படிக்குப் போகத் தயங்காதீர்கள் என்பது அதன் சாரம். முகமூடியை ஒரு கெடு வைத்த பரிசோதனையாகப் பார்க்கச் சொல்கிறார்கள். கெடு முடிந்த பிறகும் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்", "ராத்திரி தாண்டட்டும்" என்று இழுத்தால், குழந்தை பலமாக இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் ஏற்கெனவே புண்ணான நுரையீரலை மேலும் பிய்க்கும். கடைசியில் விடியற்காலை மூன்று மணிக்கு, குழந்தை துவண்ட பிறகு, ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில், அவசர அவசரமாகக் குழாய் போட வேண்டிவரும். முகமூடி தோற்று, அதுவும் தாமதமாகத் தோற்று, அப்புறம் குழாய் போன குழந்தைகள்தான் மோசமாகப் போகிறார்கள். குழாயின் தலையில் விழுந்த பழியில் ஒரு பங்கு இந்தத் தாமதத்துக்குச் சேர வேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

மெஷினை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு மலாவியில் நடந்த ஆய்வைச் சொல்லலாம். புற்றுநோய்க் குழந்தைகள் இல்லை அவர்கள். கடும் நிமோனியாவோடு எச்ஐவி பாதிப்போ, ஊட்டக்குறைவோ, ஆக்சிஜன் குறைவோ இருந்த குழந்தைகள். ஒரு மாவட்ட மருத்துவமனையில் பாதிப் பேருக்குக் குமிழி சிபேப் (குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு அழுத்தம் உண்டாக்கும் எளிய வகை), பாதிப் பேருக்குச் சாதாரண ஆக்சிஜன். 2019ல் முடிவு வந்தபோது சிபேப் பக்கம் 17 சதவீதம் இறந்திருந்தார்கள், ஆக்சிஜன் பக்கம் 11 சதவீதம். அதற்குச் சில வருடம் முன் வங்கதேசத்தில், டாக்கா ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட இடத்தில், இதே குமிழி சிபேப் உயிர்களைக் காப்பாற்றியிருந்தது. மலாவியில் கட்டில் அருகே டாக்டரின் நாள்தோறுமான மேற்பார்வை இல்லை. கருவி ஒன்றுதான், பக்கத்தில் இருந்த ஆட்கள்தான் வேறு.

சொல்லப்போனால் நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும் இன்றைய வென்டிலேட்டர் சிகிச்சையே மனிதக் கைகளில் ஆரம்பித்ததுதான். 1952ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பியோன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், சாகக் கிடந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிடச் சொல்லி, அதில் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்தார். அவள் பிழைத்தாள். அப்புறம் ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, இரவு பகலாகப் பையை அமுக்கினார்கள்.

சரி, குழாய் போடுவது என்று முடிவானால் புற்றுநோய்க் குழந்தையிடம் கூடுதலாக என்ன கவனிக்க வேண்டும்? பிளேட்லெட் குறைவாக இருந்தால் முடிந்தவரை ஏற்றிவிட்டுப் போடுவோம், தொண்டையில் ரத்தம் வந்தால் எதுவும் தெரியாது. குழந்தைகள் கிலோவுக்குக் கிலோ பெரியவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிப்பவர்கள், மயக்கம் கொடுத்து மூச்சு நின்றதும் எண் மளமளவென்று சரியும். அதனால் கை தேர்ந்தவர் போட வேண்டும், கற்றுக்கொள்கிறவர்கள் வேறு நாளில் கற்றுக்கொள்ளட்டும்.

இதில் எல்லாரையும் நடுங்கவைக்கும் ஒரு நிலைமை உண்டு. டி-செல் வகை லிம்போமா, லுக்கேமியாவில் நெஞ்சுக்கூட்டின் நடுவில் கட்டி வளர்ந்து மூச்சுக்குழாயை அமுக்கும். அந்தக் குழந்தை படுக்காது. உட்கார்ந்துகொண்டே, தலையணையை மடியில் வைத்து முன்னால் சாய்ந்தபடியே தூங்கும். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மல்லாக்கப் படுக்கவைத்தாலோ, அடம்பிடிக்கிறது என்று மயக்க மருந்து கொடுத்தாலோ, தசைகள் தளர்ந்து, கட்டியின் முழு எடையும் மூச்சுக்குழாய்மேல் இறங்கிவிடும். குழாய் போட்டாலும் அடைப்பு குழாயின் நுனிக்குக் கீழே இருக்கும், காற்று போகாது. உட்கார்ந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மயக்கம் தேவைப்படாத இடத்தில் பரிசோதனைக்கு எடுத்து, தேவைப்பட்டால் அதற்கும் முன்பே ஸ்டீராய்டைத் தொடங்கிக் கட்டியைச் சுருக்குவதுதான் வழி. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் கட்டி கரைந்து, குழந்தை படுக்கக் கேட்கும். அம்மா சொல்லும் "இவ ராத்திரியெல்லாம் உக்காந்தே தூங்குறா சிஸ்டர்" என்ற ஒரு வார்த்தை எந்த ஸ்கேனையும்விட முந்தி நோயைக் காட்டிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வென்டிலேட்டரில் வைத்த பிறகு நுரையீரலைக் காப்பாற்றுவது அளவில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் நிறையக் காற்றைத் தள்ளினால் நல்லது என்று நினைத்தார்கள். 2000ல் அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தவர்களில் 40 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லி கொடுத்தவர்களில் 31 சதவீதம். அன்றிலிருந்து கொஞ்சமாகக் கொடு, அடிக்கடி கொடு என்பதுதான் விதி. குழந்தைகளிடமும் 6 முதல் 8 மில்லிக்குள் நிற்கப் பார்ப்போம். ஆக்சிஜன் 100 காட்ட வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம், 92 முதல் 97 வரை இருந்தால் போதும். குப்புறப் படுக்கவைப்பது பெரியவர்களிடம் உயிர் காக்கும் என்று நிரூபணமாகிவிட்டது, குழந்தைகளிடம் அவ்வளவு உறுதி இல்லாவிட்டாலும் கடுமையான கட்டத்தில் செய்து பார்க்கிறோம். நெஞ்சில் கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்த சின்னக் கருவி) இருக்கும் குழந்தையைப் புரட்ட நாலு பேர் வேண்டும், ஒருவர் தலையையும் குழாயையும் விட்டு வேறு எதையும் தொடக் கூடாது.

"வென்டிலேட்டர் போட்டாச்சுன்னா அவ்வளவுதான்" என்ற பேச்சு வராந்தாவில் காலங்காலமாக இருக்கிறது. இன்றைக்கு அது பொய். ஐசியுவுக்கு வரும் புற்றுநோய்க் குழந்தைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானோர் திரும்பிப் போகிறார்கள். வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்களில் இறப்பு அதிகம், மஜ்ஜை மாற்று செய்தவர்களில் இன்னும் அதிகம், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. கடைசி முயற்சியான, ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோவில், வடக்கு அமெரிக்க மையங்கள் பெரும்பான்மையாக உள்ள பதிவேட்டை வைத்து 2009ல் வெளியிட்ட கணக்கின்படி, புற்றுநோய்க் குழந்தைகளில் மூன்றில் ஒருவர்தான் வீடு திரும்பினார்கள். ஆனாலும் ஐசியு கதவுக்கு வெளியே நிறுத்தும் அளவுக்கு மோசமான கணக்கு இல்லை இது.

உண்மையில் பெரிய வித்தியாசம் ஐசியுவுக்கு வெளியே, வார்டிலேயே வருகிறது. லத்தீன் அமெரிக்க நாடுகளில், அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து 32 மருத்துவமனைகள் ஒரு எளிய முறையைக் கொண்டுவந்தன. நர்ஸ் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையின் விழிப்பு, இதயத் துடிப்பு, மூச்சு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். குடும்பத்தின் கவலைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. எண் ஏறினால் டாக்டர் வந்தே ஆக வேண்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. நிலைமை மோசமான குழந்தைகளில் இறப்பு குறைந்ததை 2023ல் பதிவுசெய்தார்கள். "என்னமோ சரியில்ல சிஸ்டர், எனக்குத் தெரியுது" என்பதை ஒரு படிவத்தில் எண்ணாக எழுத இடம் கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

எல்லாம் செய்தும் நோய் கைமீறிப் போகும் குழந்தைகள் உண்டு. அங்கே கேள்வியே மாறிவிடும். அப்போதும் ஹை ஃப்ளோ உதவும், குழந்தை பேசலாம், ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம், அம்மா மடியில் இருக்கலாம். குறைந்த அளவு மார்ஃபின் மூச்சுத்திணறல் என்ற உணர்வையே தணிக்கும். முகத்தில் படும்படி சின்ன விசிறி வைத்தாலும் திணறல் குறைந்ததாகத் தோன்றும். "மார்ஃபினா? மூச்சை நிறுத்திடுமே" என்று பயப்படுவார்கள். அளவோடு கொடுத்தால் நிறுத்தாது. குழாய் வேண்டாம் என்ற முடிவை, மூச்சு முட்டும் அந்த ராத்திரியில் பெற்றோரிடம் கேட்பது கொடுமை. முன்னாடியே, பகலில், உட்காரவைத்து, அந்தக் குழந்தையை ஆரம்பம் முதல் பார்த்த டாக்டரே பேச வேண்டும். பெரும்பாலான இடங்களில் இது தள்ளிப்போடப்படுகிறது, கடைசியில் முன்பின் தெரியாத நைட் டூட்டி டாக்டர் தலையில் விழுகிறது.

தேறி வீட்டுக்குப் போகிற குழந்தைகளுக்கு நான் கொடுக்கும் பேச்சில் முதல் இடம் கோட்ரைமாக்சசோல் என்ற கிருமி எதிர்ப்பு மாத்திரைக்கு. 1977ல் செயின்ட் ஜூட்டில் வால்ட்டர் ஹியூஸ் 160 குழந்தைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 80 பேரில் 17 பேருக்கு, நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா வந்தது. மருந்து சாப்பிட்ட 80 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அந்த நிமோனியா வந்தவர்களில் நிறையப் பேர் வென்டிலேட்டருக்குப் போவார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுக்கும், பைசா பெறாத, கசப்பான மருந்து. அதனாலேயே அதை மறக்கிறார்கள். காய்ச்சல் மருந்தை மணி பார்த்துக் கொடுக்கும் அம்மாக்கள் இதை, "குழந்தை நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். நல்லா இருக்கும்போது கொடுப்பதற்குத்தானே அது.

அடுத்து ஃப்ளூ ஊசி. குழந்தைக்கு எப்போது போடலாம் என்பதை அதன் டாக்டர் சொல்வார். வீட்டில் உள்ள மற்றவர்களுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அண்ணன், அக்கா, தாத்தா, பாட்டி என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். அம்மா போட்டிருப்பார். பாட்டிகூடப் போட்டிருப்பார். அப்பாக்கள்தான் ஊசி என்றதும் எங்கேயோ ஃபோன் வந்த மாதிரி எழுந்து போவார்கள்.